பங்குக் கோயில் ஒழுகினால் பணம் யார் கொடுப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவச் சமூகம். தாய்க்கோயில் ஒன்று, கிளைக்கோயில்கள் நான்கு. குடும்பங்களில் முக்கால்வாசி வயல் கூலி. கோயில் கூரை ஒழுகுகிறது, பள்ளிக்கூடச் சுவரில் விரிசல், சிஸ்டர்கள் மடத்தில் செப்டிக் டேங்க் இடிந்து கிடக்கிறது, சாமியார் வீட்டு மாடியும் சரியில்லை. பங்குத்தந்தை எல்லாவற்றையும் ஒரே எஸ்டிமேட்டாகப் போட்டு, தலைக்கட்டுக்கு 5,000 ரூபாய் என்று பூசையில் அறிவித்துவிட்டார். கிளைக்கோயில்காரர்கள் "எங்க கோயில் ஓடு பறந்தப்ப யாரு கொடுத்தா?" என்கிறார்கள். ஆயர் (பிஷப்) இல்லம் பங்கே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது. "சொத்து அவங்க பேர்ல, செலவு எங்க தலையிலா?" என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

சண்டைக்கு வித்து அந்த ஒரே எஸ்டிமேட்தான். கோயில், பள்ளிக்கூடம், மடம், சாமியார் வீடு நான்கும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கலாம்; பொறுப்பாளி ஒருவர் அல்ல. பணம் வர வேண்டிய இடமும் ஒன்றல்ல. நான்கையும் சேர்த்துத் தலைக்கட்டால் வகுத்தால், கொடுக்க மனமுள்ளவர்கூட "சிஸ்டர்கள் மடத்துக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்று ஒதுங்கிவிடுவார். அவர் கேட்பது நியாயமும்கூட.

சொத்து யாருடையது என்பதில் இரண்டு வகைச் சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. திருச்சபைச் சட்டத்தின் 515ஆம் எண்படி, முறையாக நிறுவப்பட்ட பங்கு தானே ஒரு சட்ட ஆளுமை. அதாவது பங்கின் சொத்து பங்குடையது. பங்குத்தந்தை அதன் பிரதிநிதி, நிர்வாகி, அவ்வளவுதான். ஆனால் தாலுகா அலுவலகத்தில் பட்டா எடுத்துப் பார்த்தால் பங்கின் பெயர் அநேகமாக இருக்காது. மறைமாவட்டச் சங்கத்தின் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ ஆயரின் பதவிப் பெயரிலோ இருக்கும். தஞ்சை மறைமாவட்டம் மயிலாப்பூரிலிருந்து பிரிந்ததே 1952இல்தான். அதற்கு முந்தைய பத்திரத்தில் மயிலாப்பூர் ஆயர் பெயர் வந்தால் மிரள வேண்டாம். கும்பகோணத்துப் பங்குகளில் 1899க்கு முந்தைய காகிதம் புதுச்சேரியைச் சொல்லலாம், ஏனென்றால் அது வரைக்கும் அந்தப் பகுதி புதுச்சேரியோடுதான் இருந்தது. சில கிளைக்கோயில்கள் மிராசுதார் யாரோ வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்த இடத்தில் நிற்கும், சில நத்தத்தில் நிற்கும். ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாவில் ஆயர் பெயர் இருப்பதால் மராமத்துச் செலவு ஆயருடையது என்று ஆகிவிடாது. அதே மாதிரி, மக்கள் செலவு செய்ததால் சொத்து அவர்களுடையது என்றும் ஆகாது. இந்த இரண்டாவதை நம் ஊரில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. டெல்டாவில் கோயிலுக்குப் பணம் கொடுப்பது வெறும் பணம் கொடுப்பது இல்லையே. கொடுத்தவருக்குத் தேர் வடத்தில் இடம், கொடியேற்றத்தில் மரியாதை, பங்குப்பேரவையில் நாற்காலி. எனவே யார் கொடுப்பது என்ற சண்டைக்குள் யார் பேசுவது என்ற சண்டை எப்போதும் ஒளிந்திருக்கும். ட்யூப்லைட்டின் பாதி வெளிச்சத்தை உபயதாரர் பெயர் மறைக்கிற கோயில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடிமரம், ஆர்ச், கெபி (மாதா குகை), தேர் எதற்கும் உபயதாரர் உடனே கிடைப்பார். கூரை ஒழுகலுக்கும் செப்டிக் டேங்குக்கும் பெயர் எழுத இடமில்லை, ஆளும் வரமாட்டார். மராமத்துக்குப் பணம் சேராததற்கு வறுமை பாதிக் காரணம் என்றால் இது மீதிக் காரணம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தை முதலில் தனியே எடுத்துவிடுங்கள். அரசு உதவி பெறும் ஆர்.சி. தொடக்கப் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் என்பது கல்வித்துறைப் பதிவில் உள்ள நிர்வாகம். பெரும்பாலும் மறைமாவட்டப் பள்ளிகளின் நிர்வாக அமைப்பு. பங்குத்தந்தை அதன் தாளாளராக மட்டும் இருப்பார். அவர் காலையில் பங்குத்தந்தையாகவும் பத்து மணிக்குத் தாளாளராகவும் கையெழுத்துப் போடுவதால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு, கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் பெயருக்கு வாங்கும் காகிதமாக இல்லை. விரிசல் விட்ட சுவரை வைத்துக்கொண்டு பங்கு மக்கள் வசூல் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. அந்த வகுப்பறையைப் பூட்டிவிட்டு மறைமாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது தாளாளரின் வேலை. பங்கு மக்கள் விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். தலைக்கட்டு வரியாகக் கேட்க முடியாது. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: பள்ளிக்கு வந்த மானியத்திலிருந்து கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் தணிக்கையில் மாட்டுவது தாளாளர்தான்.

மடத்துக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒரு துறவற சபையிடம் ஆயர் பணி ஒப்படைக்கும்போது, பண விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது 681ஆம் எண். பங்கையே ஒரு சபையிடம் கொடுத்திருந்தால் 520ஆம் எண்ணும் அதையே சொல்கிறது. வீடு பங்குடையது, குடியிருப்பவர்கள் சிஸ்டர்கள் என்றால் வழக்கமாகச் சின்னச் சின்ன ரிப்பேர் அவர்களுடையது, கட்டடத்தைத் தாங்கும் பெரிய வேலை சொந்தக்காரருடையது என்று எழுதியிருப்பார்கள். பல இடங்களில் எழுதியதே இல்லை, அல்லது எழுதிய தாள் கிடைப்பதில்லை. மதர் ஒருவர் மாறி, சாமியார் ஒருவர் மாறி, வாய்ப்பேச்சு காற்றோடு போயிருக்கும். கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இந்த செப்டிக் டேங்கைச் சாக்காக வைத்தே ஒன்று எழுதச் சொல்லுங்கள். சாமியார் வீட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: அது பங்கின் பொறுப்பு, ஆனால் வரிசையில் கடைசி.

அப்புறம் கோயில். இதன் முதல் சுமை பங்குடையதுதான். விசுவாசிகள் திருச்சபையின் தேவைகளுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று 222ஆம் எண் சொல்கிறது. ஆனால் மறைமாவட்டமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. 1263ஆம் எண்படி ஆயர் பங்குகளிடமிருந்து அவற்றின் வருமானத்துக்கு ஏற்ற மிதமான வரி வாங்கலாம், மறைமாவட்டத் தேவைகளுக்கு 1274ஆம் எண்படி பொது நிதி வைக்கலாம். உங்கள் பங்கு ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்குக் கட்டியது எவ்வளவு, அங்கிருந்து திரும்பி வந்தது எவ்வளவு என்று பழைய கணக்கிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "நாங்க ஏழைங்க" என்று சொல்லும் நான்கு பக்க மனுவைவிட அந்த ஒரு பக்கம் பொருளாளர் சாமியின் மேசையில் அதிகம் பேசும்.

தஞ்சை மறைமாவட்டத்தில் எந்தப் பங்குக் கூட்டமானாலும் யாராவது எழுந்து "வேளாங்கண்ணி உண்டியல்ல கொட்டுதே, அதுல கொஞ்சம் எடுத்தா என்ன?" என்று கேட்பார். கைதட்டலும் வாங்குவார். பதில் இதுதான்: ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (1267ஆம் எண்). திருத்தலமும் அதன் வருமானமும் அதற்கென்ற நிர்வாகத்தில் இருப்பவை. அங்கிருந்து வரியாகவோ உதவியாகவோ மறைமாவட்டத்துக்கு வருவதை ஆயர் ஏழைப் பங்குகளுக்குப் பிரித்துத் தரலாம். தர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதை உதவியாகக் கேட்கலாமே தவிர, உரிமையாக வழக்காட முடியாது.

இதே போல "பங்குக்கு நிலம் இருக்கே" என்பார்கள். டெல்டாவில் நிலம் உள்ள ஏழைப் பங்குகள் நிறைய. குத்தகைதாரர்கள் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் தலைமுறையாக உழுதுகொண்டிருப்பார்கள், குத்தகை நெல் பாக்கி நிற்கும், பாதிப் பேர் அதே பங்கின் உறுப்பினர்கள். பாக்கியை முறையாகக் கேளுங்கள், ரசீது கொடுங்கள். நிலத்தை விற்றுக் கூரை போடும் யோசனை வந்தால் 1291, 1292ஆம் எண்களின் அனுமதிகள் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பத்து வருடத்தில் கூரை மறுபடி ஒழுகும், அப்போது விற்க நிலம் இருக்காது.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் எஸ்டிமேட்டில் பெரிய தொகை அதுதான், தவறாகப் போக அதிக வாய்ப்பும் அங்கேதான். மெட்ராஸ் டெரஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். தேக்கு உத்தரம், குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், கடைசியில் மேலே பதிக்கும் தட்டை ஓடான தட்டோடு. ஒழுகினால் நம் மேஸ்திரிகள் செய்யும் முதல் வேலை மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போடுவது. ஒரு மழைக்காலம் தாக்குப்பிடிக்கும். பிறகு சிமென்ட் வெடிக்கும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் தளத்திலேயே ஊறும், பாரமும் கூடியிருக்கும். சுவருக்கு உள்ளே நுழைகிற உத்தர நுனிதான் முதலில் உளுத்துப்போகும். ஏணி வைத்து ஏறி அந்த இடத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேல்தோலில் நின்றால் கூரை காப்பாற்றக்கூடியது, தட்டோட்டையும் தளத்தையும் மாற்றினால் போதும். விரலளவு உள்ளே இறங்கினால் உத்தரம் மாற்ற வேண்டும். கீழே முட்டு கொடுக்கும் வரை அந்தப் பகுதியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். சுவரில் உப்பு பூத்திருந்தால் சிமென்ட் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது சிரமம், ஆனால் கிடைக்காமல் இல்லை. பழைய கோயில் வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரிடமும் சாதாரணக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடமும் தனித்தனியாக எஸ்டிமேட் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தகராறில் பாதி தானாகவே வெளிச்சத்துக்கு வரும். ஒருவர் பழுது பார்க்கச் சொல்வார், இன்னொருவர் இடித்துவிட்டு "புதுசா பிரமாண்டமா" கட்டலாம் என்பார். இரண்டாவது பேச்சுக்கு மயங்காதீர்கள். ஏழைப் பங்குகள் ஆரம்பித்த புதுக்கோயில்கள் தூண் மட்டத்தில் நின்று, கம்பி துருப்பிடித்து நிற்பதைப் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம்.

வசூலுக்கு ஒரு காலம் இருக்கிறது, கூட்டம் எப்போதும் தவறான காலத்தில்தான் கூடுகிறது. ஐப்பசியில் ஒழுகும், உடனே கூட்டம் போடுவார்கள். அந்த நேரத்தில் சம்பா வயலில் நிற்கிறது, யார் கையிலும் காசு இல்லை, கூரை ஈரத்தில் வேலையும் நடக்காது. தை, மாசியில் அறுவடை முடிந்து கூலியும் நெல் பணமும் புழங்கும்போது வானம் வெளுத்திருக்கும், ஒழுகியது யாருக்கும் ஞாபகம் இருக்காது. எஸ்டிமேட்டையும் அனுமதியையும் மார்கழிக்குள் முடித்து, வசூலை மாசியில் வைத்து, வேலையைப் பங்குனியிலிருந்து கோடையில் செய்யுங்கள். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு 5,000 ஒரே தவணை என்பது வட்டிக்கு வாங்கச் சொல்வது. அறுவடை நேரத்தில் கொஞ்சம், குறுவை நேரத்தில் கொஞ்சம், முடியாதவர்கள் இரண்டு நாள் சித்தாள் வேலை என்றால் நடக்கும். நாள் வேலையையும் ரூபாய் போட்டுக் கணக்கில் எழுதுங்கள், பெயரையும் வாசியுங்கள்.

இந்தத் தலைக்கட்டு வரிக்குச் சட்டப் பலம் என்ன? ஊர் வழக்கம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பங்குத்தந்தையால் தனிக் குடும்பங்கள் மேல் கட்டாய வரி போட முடியாது. ஆயரால்கூடப் பெரும் நெருக்கடியில் மட்டும், மிதமாக. எனவே "வரி பாக்கி இருந்தால் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம், கல்லறையில் இடமில்லை" என்று யாராவது மிரட்டினால் அது செல்லாது. ஏழ்மையால் யாருக்கும் அருளடையாளங்களோ அடக்கமோ மறுக்கப்படக் கூடாது என்று 848, 1181 ஆகிய எண்கள் இரண்டும் நேராகவே சொல்கின்றன.

நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனதையும் சொல்லிவிடுகிறேன். கிளைக்கோயில்களில் இரண்டு தலித் தெருக்கள், அவர்கள் கொடுக்க வந்தபோது சென்ற முறை "உங்ககிட்ட தனியா வாங்கிக்கிறோம்" என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வரி கேட்பது ஒரு தகராறு என்றால், வரி வாங்க மறுப்பது அதைவிடப் பழைய தகராறு. வரிப் புத்தகத்தில் பெயர் இருந்தால் திருவிழாவில் உரிமை கேட்பார்கள் என்பதுதான் அதன் கணக்கு. இப்போது கூரைக்குப் பணம் வேண்டும் என்றதும் அதே தெருக்களுக்குத் தலைக்கட்டு போடுகிறார்கள். அவர்கள் கொடுக்க மறுப்பதைக் கஞ்சத்தனம் என்று பேசுகிறவர்கள் ஒரே புத்தகம், ஒரே ரசீது, ஒரே தேர் என்பதை முதலில் தீர்மானமாக எழுதட்டும். அது நடக்காத வரையில் அவர்கள் கொடுக்காமல் இருப்பதில் நான் தப்பே காண மாட்டேன்.

கிளைக்கோயில்களின் பொதுக் குறைக்கும் கணக்கு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் ஓடு தப்பிய கோயில் குறைவு. அப்போது தாய்க்கோயிலிலிருந்து கிளைக்கு என்ன போனது என்று பார்த்து, இப்போது கிளைகள் தர வேண்டிய தொகையை அதற்கேற்பக் குறையுங்கள். அவர்கள் கேட்பது பணம்கூட இல்லை, கூட்டத்தில் அதை யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது.

வேலை தொடங்கும் முன் எழுத்து அனுமதி. இவ்வளவு பெரிய மராமத்து அநேகமாக வழக்கமான நிர்வாக வரம்பைத் தாண்டியதாகத்தான் இருக்கும். வரம்பை ஒவ்வொரு மறைமாவட்டமும் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் ஆயரின் எழுத்து அனுமதி இல்லாத ஒப்பந்தம் திருச்சபைச் சட்டத்தில் செல்லாது (1281ஆம் எண்), பங்குக்குப் பயன்பட்ட அளவுக்குத்தான் பங்கு பொறுப்பு. நடைமுறையில் இது எங்கே கடிக்கும் என்றால், சாமியார்களுக்கு மாற்றல் வரும் கோடையில்தான். பாதி வேலையில் சாமியார் போய்விடுவார், ஒப்பந்தக்காரர் பாக்கிக்கு வந்து நிற்பார், புதியவர் "நான் கையெழுத்துப் போடலையே" என்பார். நான் பார்த்த ஒரு பங்கில் கம்பிக் கடைக்காரர் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமே பில்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அனுமதிக் கடிதம், நிதிக்குழுத் தீர்மானம், ஒப்பந்தம், வங்கிக் கணக்கு நான்கும் பங்கின் பெயரில் இருந்தால் இந்த நிலை வராது. நிதிக்குழு என்பது சாமியாரின் விருப்பம் அல்ல, 537ஆம் எண்படி ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். உங்கள் பங்கில் இல்லை என்றால் வசூலுக்கு முன் அதை அமைக்கச் சொல்லுங்கள்.

வெளிப் பணம் பற்றி. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு தங்கள் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவும் அதற்கென்ற கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனவே "ஜெர்மனிக்கு எழுதினா வரும்" என்ற பழைய நம்பிக்கையை மூட்டை கட்டி வையுங்கள். எம்.பி. தொகுதி நிதியை வழிபாட்டுத் தலத்துக்குச் செலவிட விதி இடம் தராது. தமிழக அரசின் தேவாலயச் சீரமைப்பு நிதி இருக்கிறது: சொந்தக் கட்டடமாகவும் 10 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும் இருக்க வேண்டும், வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கியிருக்கக் கூடாது, கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை. ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விண்ணப்பம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்? அறநிலையத்துறைக்கு மனுப் போடுவது வீண், கிறிஸ்தவக் கோயில்கள் அதன் கீழ் வருவதில்லை. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1287ஆம் எண் சொல்கிறது. அதை வைத்து நிதிக்குழுவின் வழியாக எழுத்தில் கேளுங்கள். பங்குத்தந்தை எழுத்தாணையாகவே ஏதாவது பிறப்பித்தால், பதினைந்து நாளுக்குள் நேராக ஆயரிடமே மேல்முறையீடு செய்யலாம். உரிமையியல் நீதிமன்றம் கடைசி வழி. பொது அறக்கட்டளைச் சொத்து விஷயத்தில் அக்கறை உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் போகலாம், ஆனால் தீர்ப்பு வரும் வரை கூரை நிற்காது.

ஆகவே வரும் ஞாயிறு கூட்டத்தில் 5,000 ரூபாயை எதிர்த்துப் பேச வேண்டாம். எஸ்டிமேட்டை நான்காகப் பிரிக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். பள்ளி மறைமாவட்டத்துக்கு, மடம் ஒப்பந்தத்துக்கு, சாமியார் வீடு அடுத்த வருடத்துக்கு என்று போனால் மீதி நிற்பது கூரை மட்டும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு தலைக்கட்டு எவ்வளவு என்று பேசலாம். கிளைக்கோயில்காரர்களையும் கூப்பிட்டு, அந்த இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வைத்துப் பேசுங்கள்.